கழற்றிவிட்ட கையை மீண்டும் கட்டும் கடலுயிர்

தெலுக் பகாங்கின் மீன்பிடித் துறையைத் தாண்டி, பினாங்குத் தேசியப் பூங்காவின் பக்கமாகப் பாறைகள் தொடங்கும் இடத்தில், கடல் நன்றாக வற்றியிருந்த ஒரு காலையில் என் அக்காள் மகள் தட்டையான கல்லொன்றைப் புரட்டினாள். அதன் அடியில், பத்து சென் நாணயத்தைவிடச் சற்றே சிறிய வட்டமான உடலும், அதிலிருந்து ஐந்து பக்கமும் நீண்ட மெல்லிய கைகளுமாக ஒரு சிறு விலங்கு ஒட்டியிருந்தது. அவள் முதலில் என் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்தாள். பிறகு, வெளிச்சம் பட்டதும் துடுப்பு வலிப்பதுபோல் கைகளை வீசிப் பக்கத்துக் கல்லின் நிழலுக்குள் நழுவப் பார்த்த அந்த விலங்கின் ஒரு கையை, நான் தடுப்பதற்குள் இரண்டு விரலால் பிடித்துவிட்டாள். விலங்கு கல்லுக்கடியில் மறைந்தது. கையின் ஒரு துண்டு மட்டும் அவள் விரல்களுக்கிடையில் புழுவைப்போல் நெளிந்துகொண்டிருந்தது.

“மாமா, நான் உடைச்சிட்டேனா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, அதுவா கழட்டி விட்டுட்டுப் போயிடுச்சு.”

அது அவளுக்கு ஆறுதலாகச் சொன்ன பதில் மட்டுமல்ல. அறிவியல்படியும் அதுவே சரி. இந்த விலங்குக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘எளிதில் நொறுங்கக்கூடிய நட்சத்திரம்’ என்று பொருள்படும். அதை ஒட்டித் தமிழிலும் நொறுங்கு நட்சத்திரம் என்று எழுதுகிறோம். நானும் வேறு வழியின்றி அப்பெயரையே பயன்படுத்துகிறேன் என்றாலும், நொறுங்குதல் என்ற சொல் கண்ணாடிக்கும் அப்பளத்துக்கும் பொருந்துமேயன்றி இதற்குப் பொருந்தாது. கண்ணாடி தன் விருப்பமின்றி உடைகிறது. இந்த விலங்கோ எந்த மூட்டில் கையை விடுவது என்பதைத் தன் நரம்புகளின் வழியே தீர்மானித்து, அந்த மூட்டை மட்டும் இளக்கி, கையைக் கழற்றிவிட்டுப் போகிறது.

மலாய் நண்பர்கள் தாப்பாக் சுலைமான் என்று சொல்லும் நட்சத்திர மீனுக்கு இது நெருங்கிய உறவு, ஆனால் அதுவல்ல. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை, கடல் அல்லி, நொறுங்கு நட்சத்திரம் ஆகிய ஐந்து வகுப்புகளும் சேர்ந்ததே முட்தோலிகள் எனப்படும் தொகுதி. நட்சத்திர மீனின் கை உடலிலிருந்து அகலமாகத் தொடங்கி மெல்ல ஒடுங்கும்; உடல் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. நொறுங்கு நட்சத்திரத்தில் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். நடுவில் வட்டு, அதில் செருகியதுபோல் கைகள். அந்தக் கைகள் வளைந்து நெளிவதைப் பார்த்தே, பாம்பு, வால் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து இந்த வகுப்புக்கு அறிவியல் பெயரிட்டார்கள். இன்று உலகக் கடல்களில் இவற்றில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. இவற்றின் மிகப் பழைய புதைபடிவங்கள் ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை.

கையின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் கழற்றும் வேலை விளங்கும். கையின் நடுவே, நம் முதுகெலும்பைப் போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சுண்ணாம்புக் கட்டைகள் உள்ளன. ஒவ்வொரு கட்டையையும் மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என நான்கு தகடுகள் கவசம்போல் சூழ்ந்திருக்கும். பக்கத் தகடுகளில் முட்கள் இருக்கும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு தசைகளும், அவற்றோடு கொலாஜன் என்ற புரத இழைகளாலான தசைநாரும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடிப்பக்கமாக ஒரு நரம்பு வடமும், அதையொட்டி நீர் ஓடும் ஒரு குழாயும் கையின் முழு நீளத்துக்கும் செல்கின்றன. சுண்ணாம்புக் கட்டை என்றதும் சுண்ணக்கட்டியைப்போல் இறுகிய பொருளை நினைத்துவிடக் கூடாது. நுண்ணோக்கியில் அது ஆப்பத்தின் நடுப்பகுதியைப்போல் துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளுக்குள் உயிருள்ள திசு நிறைந்திருக்கும்.

கழற்றலின் சூட்சுமம் அந்தக் கொலாஜன் இழைகளில் இருக்கிறது. நம் உடம்பிலுள்ள தசைநார் எப்போதும் ஏறத்தாழ ஒரே விறைப்போடு இருப்பது. அதை நாம் நினைத்தபடி இளக்கவோ இறுக்கவோ முடியாது. முட்தோலிகளால் முடியும். கடல் அட்டையைக் கையில் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: லங்காவியிலும் பினாங்கிலும் எண்ணெய்க்காகப் பெயர்பெற்ற காமாட் என்ற அந்த விலங்கு, தொட்டவுடன் ரப்பர்போல் விறைக்கும், பிறகு தளர்ந்து தொங்கும். அந்த மாற்றத்தில் தசைக்கு உள்ள பங்கு சிறிது. தோலின் கொலாஜன்தான் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்கிறது. நொறுங்கு நட்சத்திரத்தின் மூட்டுகளிலும் இதே வகைத் திசு இருக்கிறது. தசைநாரை ஒட்டி, சிறு துகள்கள் நிறைந்த செல்கள் அணிவகுத்திருக்கின்றன. அவற்றுக்கு நரம்பின் இணைப்பு உண்டு. நரம்பு கட்டளையிட்டதும் அந்தச் செல்கள் இழைகளுக்கிடையேயான பிணைப்பைத் தளர்த்துகின்றன. சில நொடிகளில் அந்த ஒரு மூட்டு மட்டும் வலுவிழக்க, தசைகளின் பிடியும் அங்கே விட்டுப்போக, அதற்கு அப்பாலுள்ள பகுதி கழன்று விழுகிறது. இந்த இயங்குமுறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்காட்லாந்து விலங்கியலாளர் இயன் வில்கி, நொறுங்கு நட்சத்திரங்களின் கை கழற்றலைப் பற்றி 1978-இல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது.

சமையலறையில் இதற்கொரு தூரத்து உறவு உண்டு. உயிருள்ள நண்டை அப்படியே கொதிநீரில் போட்டால் கால்களை உதறிவிடும் என்பதால், முதலில் பனிக்கட்டியில் வைத்து மயங்கவைத்த பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள். நண்டும் கால்களைத் தானே கழற்றும் விலங்குதான். ஆனால் நண்டின் காலில் கழலும் இடம் அடிப்பகுதியில் ஒன்றுதான். நொறுங்கு நட்சத்திரத்தின் பெரும்பாலான இனங்களில் கையின் நீளம் முழுவதும், ஏறக்குறைய ஒவ்வொரு மூட்டிலும், கழற்ற இயலும். பிடிபட்ட இடத்துக்குச் சற்று உள்ளே கழற்றினால் போதும், மீதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக் கழற்ற வேண்டிய தேவை இவற்றுக்கு அடிக்கடி வருகிறது. ஐரோப்பியக் கடல்களின் சேற்றுத் தரையில் வாழும் ஆம்ஃபியூரா ஃபிலிஃபார்மிஸ் என்ற இனம், வட்டுடலைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு, கைகளை மட்டும் நீரில் உயர்த்தி, மிதந்துவரும் உணவுத்துகள்களைப் பிடிக்கிறது. மேலே நீட்டிய கை மீனுக்கு விருந்து. நாக்கு மீனைப்போன்ற தட்டை மீன்கள் அந்த நுனிகளைக் கடித்துத் தின்பதால், சேற்றிலிருந்து எடுக்கும் விலங்குகளில் எல்லாக் கைகளும் முழுதாக இருப்பவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். விலங்கு சாகாமல் அதன் ஒரு பகுதி மட்டும் தின்னப்படும் இந்த ஏற்பாட்டில், வளர்ந்த கை மறுபடி கடிபடும், மறுபடி வளரும். ஒருவகையில் சேற்றுத் தரை முழுவதும் திரும்பத் திரும்ப அறுவடையாகும் கீரைப் பாத்தியைப் போன்றது. சில இனங்களில் கைகள் இருட்டில் ஒளிரும். கழன்ற துண்டு நெளிந்து மின்னிக்கொண்டிருக்க, தின்ன வந்த விலங்கின் கவனம் அதன்மேல் நிற்கும்போது உடல் நழுவிவிடும்.

கையோடு நிற்பதில்லை. அமெரிக்க அட்லாண்டிக் கரையோரச் சேற்றில் வாழும் மைக்ரோஃபியோஃபோலிஸ் கிராசிலிமா என்ற இனம், வட்டுடலின் மேற்பாதியையே கழற்றிவிடுகிறது. வயிறும் இனப்பெருக்க உறுப்புகளும் அதோடு போய்விடும். வாயைச் சுற்றிய சட்டமும் கைகளும் எஞ்சும். வயிறில்லாத அந்த மிச்சம், புதிய வயிற்றை வளர்த்துக்கொள்கிறது.

கழன்ற துண்டு புதிய விலங்காக வளருமா என்பதைத்தான் எல்லோரும் அடுத்துக் கேட்பார்கள். வளராது. என் அக்காள் மகளின் விரலில் நெளிந்த துண்டு சில நேரம் அசைந்து பின் இறந்துபோகும். வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் வாழும் லிங்கியா என்ற நட்சத்திர மீனில் ஒற்றைக் கையிலிருந்தே முழு விலங்கும் உருவாகும் என்பது உண்மை. அந்தச் செய்தி பரவிப்பரவி எல்லா நட்சத்திர வகைகளுக்கும் பொதுவானதாகச் சொல்லப்பட்டுவிட்டது. நொறுங்கு நட்சத்திரத்தில் கையை உருவாக்குவது உடல்தான். கையால் உடலை உருவாக்க முடியாது.

இனி மறுவளர்ச்சிக்கு வருவோம். பாடநூல்கள் இதை இழப்பு மீட்டல் என்று சொல்கின்றன. ஆம்ஃபியூராவில் இது நாள்கணக்கில் கவனிக்கப்பட்டிருக்கிறது. முதல் சில நாள்களில் காயத்தின் வாய் சுருங்கி, அதன்மேல் மெல்லிய தோல் மூடுகிறது. அதன்பின், அடிக்கையின் அகலத்தில் ஒரு சிறு பகுதியே உள்ள மொட்டு ஒன்று வெட்டு முகத்தின் நடுவிலிருந்து எட்டிப்பார்க்கிறது. நரம்பு வடமும் நீர்க்குழாயும் அதற்குள் நீளத் தொடங்குகின்றன. தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்புக்கூட்டை உருவாக்கும் செல்கள் கூடி, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய சுண்ணாம்பு முட்களைச் சுரக்கின்றன. அந்த முள் கிளைத்து, கிளை மீண்டும் கிளைத்து, கிளைகள் ஒன்றையொன்று தொட்டு இணைந்து, துளைகள் நிறைந்த தகடாகிறது. முதுகெலும்பு போன்ற கட்டை ஒவ்வொன்றும் முதலில் இடம் ஒன்று வலம் ஒன்று என இரண்டு துண்டுகளாகத் தோன்றிப் பின்னர் நடுவில் இணைகிறது. செல்களுக்கு இந்த வேலையைத் தொடங்கச் சொல்லும் வேதிச் சமிக்ஞை ஒன்றை மருந்தால் தடுத்துப் பார்த்த ஆய்வுகளில், எலும்புக்கூடு சரியாக உருவாகவில்லை.

ஒரு கட்டையும் அதைச் சூழ்ந்த தகடுகளும் சேர்ந்தது ஒரு கணு. புதிய கணுக்கள் சேரும் இடம் பலரும் நினைப்பதற்கு மாறானது. நகமும் முடியும் அடியிலிருந்து தள்ளப்பட்டு வளர்கின்றன. ஆகவே நுனிதான் பழையது. நொறுங்கு நட்சத்திரத்தின் கையில் நுனி தனியொரு உறுப்பு: அது முதலிலேயே உருவாகிவிடும். ஒவ்வொரு புதிய கணுவும் நுனிக்குச் சற்றுப் பின்னால் தோன்றி, நுனியை முன்னே தள்ளும். ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில் பூக்கட்டும் அம்மாக்களைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். விரல்கள் எப்போதும் சரத்தின் முனையில் இருக்கும். ஒவ்வொரு பூவும் விரலுக்கு அடுத்து வந்து சேரும். முதலில் கட்டிய பூ தொடக்கத்திலேயே நிற்கும். அதுபோல், மீண்டும் வளர்ந்த கையில் வெட்டு வாய்க்குப் பக்கத்திலுள்ள கணுவே மூத்தது. நுனியை நெருங்க நெருங்கக் கணுக்கள் இளையவை. காயம் படாமல் இயல்பாக வளரும் கையும் இப்படித்தான் நீள்கிறது. ஆகவே, கழற்றலுக்குப் பிறகு விலங்கு செய்வது புதிதாகக் கற்ற வேலையன்று. வாழ்நாள் முழுவதும் மெதுவாகச் செய்துவந்த வேலையை மறுபடி நுனியிலிருந்து தொடங்கி விரைவாகச் செய்வதுதான்.

பல்லியோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். பல்லியும் வாலை விட்டுவிட்டு ஓடும். வாலும் மறுபடி முளைக்கும். ஆனால் முளைத்த வாலை அறுத்துப் பார்த்தால் அதற்குள் முதுகெலும்பின் கணுக்கள் இருக்காது. அவற்றுக்குப் பதில் குருத்தெலும்பாலான நீண்ட குழாய் ஒன்றே இருக்கும். அது வாலைப் போன்ற ஒன்று, அவ்வளவுதான். நொறுங்கு நட்சத்திரமோ கட்டை, தகடு, முள், நரம்பு, தசை, குழாய் எல்லாவற்றையும் பழையபடி அமைத்துவிடுகிறது. முழு அகலம் பெறும்வரைதான் வேறுபாடு தெரியும்: பழைய பகுதி தடித்து அடர்நிறமாகவும், புதிய பகுதி மெலிந்து வெளிறியும், இரண்டுக்கும் நடுவே படிக்கட்டின் ஒரு படி இறங்கியதுபோலவும் இருக்கும்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு, ஸ்வீடனின் கிறிஸ்டினபெரி கடலாய்வு நிலையத்தில் சாம் டூபோனும் மைக் தார்ண்டைக்கும் நடத்தி 2006-இல் வெளியிட்டது. அவர்கள் ஆம்ஃபியூராவின் கைகளை வெவ்வேறு நீளத்தில் துண்டித்து, எது எப்படி வளர்கிறது என்று அளந்தார்கள். சாதாரணமாக நாம் எதிர்பார்ப்பது, எல்லாமே ஒரே வேகத்தில் வளரும், ஆகையால் கொஞ்சம் இழந்தது சீக்கிரம் முடியும், நிறைய இழந்தது தாமதமாகும் என்பதுதான். நடந்தது வேறு. நிறைய இழந்த கை வேகமாக நீண்டது. சிறிதளவே இழந்த கை மெதுவாக நீண்டது. ஆனால் நீளம் மட்டும் கையாகிவிடாது. வேகமாக நீண்ட கையில் பெரும்பகுதி இன்னும் முதிராத, மெல்லிய, வேலைக்கு உதவாத தண்டாகவே இருந்தது. தகடும் முள்ளும், நீர்க்குழாயிலிருந்து கிளைக்கும் மென்மையான குழாய்க்காலும் அமைவது பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. மெதுவாக நீண்ட கையிலோ வளர்ந்தவரைக்கும் எல்லாம் அமைந்து, பயன்பாட்டுக்குத் தயாராக இருந்தது. நுனி மட்டும் போனால் அதை உடனே சரிசெய்தால் கை மறுபடி உணவு பிடிக்கும். கை அடியோடு போனால் முதலில் நீளத்தைப் பெற்றாக வேண்டும், நேர்த்தி பிறகு. வீட்டுக்கூரையில் நான்கு ஓடு போனதற்கும் கூரையே போனதற்கும் கொத்தனார் ஒரே முறையில் வேலை தொடங்குவதில்லை அல்லவா! வியப்பு என்னவென்றால், வெட்டு விழுந்த இடத்திலுள்ள திசு தான் எவ்வளவை இழந்தோம் என்பதை எப்படியோ அறிந்திருக்கிறது. மூளையில்லாத, வாயைச் சுற்றிய ஒரு நரம்பு வளையமும் கைகளுக்குள் ஓடும் நரம்பு வடங்களும் மட்டுமே உள்ள விலங்கு இது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த வியப்பு இன்னும் கூடும்.

கை வளரும்வரை அது நடக்காமல் கிடக்குமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. நட்சத்திர மீனைப்போல் குழாய்க்கால்களால் ஊர்வதில்லை இது. கைகளையே வீசி நகர்கிறது. எந்தக் கையும் முன்கையாகலாம் என்பதால், திசை மாற உடலைத் திருப்ப வேண்டியதில்லை. ஐந்தில் ஒன்று போனாலும் மூன்று போனாலும் எஞ்சியவை வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜப்பானின் தோஹொகு பல்கலைக்கழகத்தார் இதைப் பின்பற்றி, கைகளை இழந்தாலும் சில நொடிகளில் புதிய நடையைக் கண்டுகொள்ளும் ரோபோ ஒன்றை உருவாக்கி 2017-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கையும் தரையைத் தள்ளிப் பார்க்கும். தள்ளியது முன்னேற உதவினால் தொடரும், இல்லையென்றால் விட்டுவிடும். விதி அவ்வளவே.

இவையெல்லாம் செலவில்லாமல் நடப்பவை அல்ல. கையை வளர்க்கும் சத்து, முட்டைக்கும் உடல் வளர்ச்சிக்கும் போக வேண்டிய சத்திலிருந்தே வருகிறது; அதுவும் உணவு பிடிக்கும் கையே குறைந்திருக்கும் காலத்தில். குளிர் கூடினால் காலம் நீளும்: அண்டார்டிக்கில் வாழும் ஓஃபியோனோட்டஸ் விக்டோரியே என்ற இனத்தில், கை முளைக்கத் தொடங்குவதற்கே சில மாதங்கள் கடந்துவிடுகின்றன. நீரின் அமிலத்தன்மையும் கணக்கில் சேரும். 2008-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்றில், ஆம்ஃபியூராவை 40 நாள்கள் அமிலம் கூடிய கடல்நீரில் வைத்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு கரையும், கை வளராது என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் கை வளர்ந்தது. சுண்ணாம்பும் கூடுதலாகவே படிந்தது. அதற்கான விலை வேறிடத்தில் தெரிந்தது: கைகளின் தசை மெலிந்திருந்தது. நீளம் சரியாக இருக்கிறதே என்று அளவுகோலை மட்டும் நம்பியிருந்தால், அசைக்க வலுவில்லாத கையை நலமான கை என்று எழுதியிருப்பார்கள்.

2024-இல் ஆம்ஃபியூராவின் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டு வெளியிடப்பட்டது. கை வளரும் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று அதில் பட்டியலிட்டு, கால் முளைக்கும் ஆக்சலாட்டல் என்ற நீர்வாழ் உயிரோடும், பார்ஹயாலே என்ற சிறிய ஓட்டுடலியோடும் ஒப்பிட்டார்கள். முதலில் காயத்துக்கான மரபணுக்கள், அடுத்துச் செல் பெருக்கத்துக்கானவை, பிறகு திசு அமைப்புக்கானவை என்ற வரிசை மூன்றிலும் ஒத்திருந்தது. உறவில் இவ்வளவு தொலைவிலுள்ள மூன்று விலங்குகளில் பெருக்கத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் குறிப்பாக ஒத்துப்போயின. இதைக் கேட்டதும் ‘மனிதனுக்கும் கை முளைக்கும் காலம் வருகிறது’ என்று தலைப்பிடுவது செய்தித்தளங்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலூட்டியின் காயம் பெரும்பாலும் தழும்பாக மூடிக்கொள்கிறது. வரிசை ஒத்திருப்பதைக் காட்டியது அந்தத் தழும்பை நீக்கும் வழியைக் காட்டியதாகாது.

இந்த ஆற்றலைப் பெருகுவதற்கே பயன்படுத்தும் இனங்களும் உண்டு. வெப்பமண்டலக் கடல்கள் எங்கும் பஞ்சுயிரிகளுக்குள் வாழும் ஓஃபியாக்டிஸ் சவிக்னி, ஐந்துக்குப் பதில் ஆறு கைகள் உடையது. அது வட்டுடலை நடுவில் பிளந்துகொண்டு, பாதிக்கு மூன்று கைகளாக இரண்டாகிறது. ஒவ்வொரு பாதியும் மறுபாதியை வளர்த்துக்கொள்ளும் நாள்களில், ஒரு பக்கம் மூன்று நீண்ட கைகளும் மறுபக்கம் மூன்று குட்டிக் கைகளுமாகக் காணப்படும். ஜெர்மனியின் நுஸ்ப்ளிங்கனில் கிடைத்து, 2024-இல் ஓஃபியாக்டிஸ் ஹெக்ஸ் என்று பெயரிடப்பட்ட, ஏறத்தாழ 15.5 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவத்திலும் இதே கோலம்தான்: ஆறு கைகள், அவற்றில் மூன்று பெரியவை, மூன்று வளர்ந்துகொண்டிருந்தவை. பாதி கட்டிய நிலையிலேயே கல்லாகிவிட்டது.

தெலுக் பகாங்கில் அந்தக் கல்லை, இருந்த பக்கமே கீழே இருக்கும்படி மறுபடி வைத்துவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, கையைப் பிடிப்பதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஐந்தில் இரண்டு கைகளில், நடுவுக்குச் சற்று அப்பால், அடர்நிறம் நின்று வெளிறிய மெல்லிய தண்டு தொடங்கும் இடம் தெரிந்தது. அவள் கழற்றவைத்தது மூன்றாவது.